4.9 சதவீதப் பங்குதாரர்: பராமரிப்பு இல்லம் ஒன்று கைமாறியபோது மெடிக்கெய்ட் பதிவில் நடந்தது

கைமாற்றம் முடிந்து 41 நாள். இல்லத்தின் வங்கிக் கணக்கில், வசதி குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்ட்டின் பணம் ஒரு டாலர்கூட இன்னும் விழவில்லை. 104 படுக்கை கொண்ட இல்லம். 78 பேர் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் 52 பேரின் செலவை மெடிக்கெய்ட் ஏற்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 210 டாலர் என்று வைத்தால் 30 நாளுக்கு 3,27,600 டாலர். இந்தப் பணம் நின்றால் முதலில் அடி வாங்குவது ஊழியர் சம்பளம், அடுத்து மருந்துக் கடை பாக்கி, அதற்கடுத்து சமையலறை. படுக்கையில் இருக்கும் பெரியவருக்குக் காகித வேலை எதுவும் தெரியாது. ராத்திரி இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒருவர்தான் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

இந்த இல்லம் ஒரு மாதிரி. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இத்தகைய கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். படுக்கை எண்ணிக்கை, பங்கு விகிதம், நாள் கணக்கு, அந்த 210 டாலர் எல்லாம் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. விதிகளும் படிவங்களும் கெடுக்களும் நடப்பில் உள்ளவை. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவ பில்லிங், என்ரோல்மென்ட் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். டாக்டர்களுக்கு க்ரெடென்ஷியலிங் (தகுதிச் சரிபார்ப்பு) செய்து பழகிய கை, இல்லத்தின் கோப்பைத் தொடும்போது எங்கே தடுமாறுகிறது என்பது இந்த ஆய்வில் தெரியும்.

எந்த இல்லம், யாருடைய பணம்

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பத்துப் பதினைந்து கட்டில் உள்ள சின்ன ஆஸ்பத்திரி. அங்கே அதே சொல்லுக்கு, தானாக எழுந்து நடமாட முடியாதவர்கள் மாதக்கணக்காக, வருடக்கணக்காகத் தங்கும் பராமரிப்பு இல்லம் என்று பொருள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்குக் குறுகிய காலத் தேர்ச்சி பெற்ற நர்சிங் சேவை தந்தால், வரம்புக்கு உட்பட்டு, முதன்மையாக முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தரும். நீண்ட காலத் தங்கலுக்கு மெடிகேர் தராது. சேமிப்பெல்லாம் கரைந்தபின் கைகொடுப்பது, மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து நடத்தும் மெடிக்கெய்ட். இரண்டுமே 1965-இல் வந்த திட்டங்கள். 1987-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு இரண்டுக்கும் இல்லத் தரவிதிகள் பெரும்பாலும் ஒன்றே. பல இல்லங்கள் இரட்டைச் சான்று வைத்திருக்கின்றன. நம் மாதிரி இல்லமும் அப்படித்தான்.

பணம் வர நான்கு இடங்களில் கதவு திறக்க வேண்டும். முதலாவது மாநில உரிமம். டெக்சஸில் அது சுகாதார, மனித சேவை ஆணையத்தின் டியூலிப் என்ற தளத்தில் நடக்கிறது. இரண்டாவது சான்று: மாநில ஆய்வுக் குழு நேரில் வந்து பார்த்து, இந்த இரண்டு திட்டங்களையும் மேற்பார்க்கும் மத்திய அமைப்பான சி.எம்.எஸ்.ஸுக்குப் பரிந்துரைக்கிறது. மூன்றாவது மெடிக்கெய்ட் வழங்குநர் பதிவு. டெக்சஸில் 2021 டிசம்பர் முதல் இதற்குப் பெம்ஸ் என்ற தளம். நான்காவது, மெடிக்கெய்ட் பணத்தைக் கையாளும் தனியார் காப்பீட்டுத் திட்டங்களின் க்ரெடென்ஷியலிங். 2015 மார்ச் 1 முதல் டெக்சஸ் பராமரிப்பு இல்லச் சேவை ஸ்டார் பிளஸ் என்ற திட்டக் குடைக்குள் போய்விட்டது. மாதிரியின் 52 பேரில் 46 பேர் மூன்று தனியார் ப்ளான்களில் இருக்கிறார்கள். மீதி 6 பேருக்குத்தான் மாநிலம் நேரடியாகப் பணம் தருகிறது. இந்த 46-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் கோப்பில் பட்டம், ரெசிடென்சி, போர்டு சான்று, ஆஸ்பத்திரிச் சலுகை என்று ஒரு மனிதரின் தகுதி பார்க்கப்படுகிறது. தகவலெல்லாம் சி.ஏ.க்யூ.எச். என்ற பொதுத் தளத்தில் உள்ள சுயவிவரத்தில் இருக்கும், காப்பீட்டு ப்ளான் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இல்லத்துக்கு அப்படி ஒரு பொதுச் சுயவிவரம் கிடையாது. இல்லத்தின் கோப்பு அடிப்படையில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: இந்தக் கட்டடத்தை உண்மையில் நடத்துவது யார், லாபம் யாருக்குப் போகிறது? மற்ற காகிதங்கள் எல்லாம் இந்தப் பதிலைச் சரிபார்க்கத்தான்.

கைமாறும்போது எது தானாக வரும், எது வராது

மாதிரி இல்லத்தில் கட்டடம் ஒரு கம்பெனியிடம் இருக்கிறது, இல்லத்தை நடத்துவது வேறொரு எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புக் கம்பெனி). இந்தத் தொழிலில் இது வழக்கமான அமைப்பு. நடத்தும் உரிமை புது எல்.எல்.சி.க்குக் குத்தகையோடு மாறியது. குத்தகை மாற்றமும் சட்டப்படி உரிமை மாற்றம்தான். ஆங்கிலத்தில் அதன் நான்கெழுத்துச் சுருக்கத்தை அலுவலகங்களில் 'ச்சௌ' என்றே சொல்வார்கள். ஏற்கெனவே இருக்கும் கார்ப்பரேஷனின் பங்குகள் மட்டும் விற்கப்பட்டால் அது 'ச்சௌ' ஆகாது, ஆனாலும் உரிமையாளர் தகவல் மாற்றமாக அறிவித்தே தீர வேண்டும். இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே வக்கீலிடம் எழுத்தில் வாங்காமல் எந்தப் படிவத்தையும் திறக்கக் கூடாது.

உரிமை மாறினால் மெடிக்கெய்ட் ஒப்பந்தம் புதியவர் பெயருக்குத் தானாக மாறும் என்று மத்திய விதித் தொகுப்பின் 42-ஆம் தலைப்பு, 442.14 சொல்கிறது. மெடிகேர் பக்கத்தில் அதே வேலையைச் செய்வது 489.18. தானாக மாறும் என்றதும் பலர் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். ஒப்பந்தத்தோடு சேர்ந்து வருவதையும் பார்க்க வேண்டும். முந்தைய ஆய்வில் குறை கண்டிருந்தால் அந்தத் திருத்தத் திட்டம் புதியவர் தலையில். புது சேர்க்கைகளுக்குப் பணம் நிறுத்தம் இருந்தால் அதுவும் தொடரும். பழையவர் வாங்கிய அதிகப்படித் தொகையைப் புதியவருக்கு வர வேண்டிய பணத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம். அதனால்தான் செயல்பாட்டு மாற்ற ஒப்பந்தத்தில் ஒரு தொகையை மூன்றாம் நபரிடம் நிறுத்திவைக்கும் ஷரத்து அவசியம். கையெழுத்துக்கு முன்பு கடைசி மூன்று வழக்கமான ஆய்வுகளின் குறை அறிக்கைகளை, அதாவது 2567 படிவங்களை, வரிவிடாமல் படித்துவிட வேண்டும்.

இந்தச் சுமையெல்லாம் வேண்டாம் என்று ஒப்பந்த மாற்றத்தை மறுக்கவும் வாங்குபவருக்கு உரிமை உண்டு. மறுத்தால் அவர் புது விண்ணப்பதாரர். மறுபடி ஆய்வு வர வேண்டும், அது முடியும்வரை பணம் கிடையாது. ஆறு இலக்கச் சான்று எண் தொடராததால் தங்கியிருக்கும் ஒவ்வொருவரையும் புது சேர்க்கையாகக் கருதி எம்.டி.எஸ். மதிப்பீட்டை (ஒவ்வொருவரின் உடல்நிலை, தேவைகளைப் பதியும் கட்டாயப் படிவம்) முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். எண் தொடர்ந்தால் மதிப்பீட்டு அட்டவணையும் அறுபடாமல் தொடரும். 78 பேர் உள்ள இல்லத்தில் இந்த வேறுபாடு நர்சுகளின் பல வார உழைப்பு. மாதிரியில் வாங்கியவர்கள் மாற்றத்தை ஏற்றுக்கொண்டார்கள். அது சரியான முடிவுதான்.

தானாக வராதது ஒன்று உண்டு. ப்ளான்களோடு இருந்த தனியார் ஒப்பந்தம். 442.14 மாநிலத்தைக் கட்டுப்படுத்துகிறது, ப்ளானைக் கட்டுப்படுத்தாது. பழைய எல்.எல்.சி. போட்ட ஒப்பந்தம் அதன் ஷரத்துப்படிதான் மாறும். பெரும்பாலும் ப்ளானின் எழுத்துப்பூர்வச் சம்மதம் கேட்கும். 46 பேரின் பணம் இந்தச் சம்மதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கைமாற்ற நாள் வரைக்கும் ஒருவரும் ப்ளானுக்குக் கடிதம் எழுதவில்லை.

பங்குக் கணக்கு

கைமாற்றத்துக்கு 60 நாள் முன்பு வாங்குபவரும் விற்பவரும் மெடிகேருக்கான 855ஏ படிவத்தைப் போட்டார்கள். (90 நாளுக்கு முன்பே போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.) 45 நாள் முன்பு டியூலிப்பில் உரிம மாற்ற விண்ணப்பம் போனது. டெக்சஸ் சட்டம் கேட்பது குறைந்தது 30 நாள். இதுவரை ஒழுங்கு. பெம்ஸில் உரிமையாளர் பக்கம் வந்தபோதுதான் கோணல்.

நடத்தும் எல்.எல்.சி.யில் 70 சதவீதம் ஒரு ஹோல்டிங் கம்பெனிக்கு, 30 சதவீதம் களத்தில் நின்று நடத்தும் கூட்டாளிக்கு. ஹோல்டிங் கம்பெனியில் மூன்று பேர்: முதலாமவருக்கு 60, இரண்டாமவருக்கு 33, மூன்றாமவருக்கு 7 சதவீதம். படிவம் நிரப்பியவர் 60, 33, 7 என்று அப்படியே எழுதிவிட்டார். மெடிகேர் படிவத்தை நிரப்பிய வக்கீல் அலுவலகமோ பெருக்கி எழுதியிருந்தது. ஒரே ஆட்கள், இரண்டு அரசுத் தளங்களில் இரண்டு விகிதம். ஒன்பதாம் நாளே குறைக் கடிதம் வந்தது.

மறைமுகப் பங்கைப் பெருக்கித்தான் கணக்கிட வேண்டும் என்பது அதே 42-ஆம் தலைப்பின் 455.102 விதி. 70-இல் 60 சதவீதம் என்றால் 42. 70-இல் 33 என்றால் 23.1. 70-இல் 7 என்றால் 4.9. நேரடியோ மறைமுகமோ, 5 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றைத் தர வேண்டும். கம்பெனி என்றால் முதன்மை அலுவலக முகவரி, மற்ற அலுவலகங்கள், தபால் பெட்டி எண், வரி எண். இந்தக் கணக்குப்படி மூன்றாமவர் 4.9. அப்பாடா என்று பெயரை எடுத்துவிட்டார்கள்.

முப்பதாம் நாள் இரண்டாவது குறைக் கடிதம். காரணம் அதே மூன்றாமவர். நடத்தும் எல்.எல்.சி. வாங்கிய ஒரு கடன் பத்திரத்தில் பாதி அவருடையது. அந்தக் கடனுக்கு எல்.எல்.சி.யின் சொத்தில் 40 சதவீதம் ஈடு. ஈட்டுக் கடனுக்கும் பெருக்கல் உண்டு: கடனில் அவர் வைத்திருக்கும் 50 சதவீதத்தை, ஈடாக வைத்த 40 சதவீதத்தோடு பெருக்கினால் 20. ஐந்தைத் தாண்டிவிட்டது. பங்குதாரராக அவர் பட்டியலுக்கு வெளியே, கடன் கொடுத்தவராகப் பட்டியலுக்கு உள்ளே. பங்குச் சான்றிதழை மட்டும் பார்த்துப் படிவம் நிரப்பும் எவரும் இந்த இடத்தில் விழுவார்கள். கேட்க வேண்டியது மூன்று காகிதம்: நிறுவன அமைப்பு வரைபடம், எல்.எல்.சி. இயக்க ஒப்பந்தம், கடன் மற்றும் ஈட்டுப் பத்திரங்கள். மூன்றாவதை யாரும் தானாகத் தர மாட்டார்கள்.

உறவுமுறைக் கட்டம் இன்னொரு இடறல். பட்டியலில் உள்ளவர்களில் யார் யாருக்குக் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு என்று எழுத வேண்டும். களத்தில் நடத்தும் கூட்டாளி, ஹோல்டிங்கின் முதலாமவருக்கு மைத்துனர். மைத்துனர் உறவு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். ஆனால் கூட்டாளியின் அக்கா, அதாவது முதலாமவரின் மனைவி, எல்.எல்.சி.யின் அதிகாரியாகப் பதிவாகியிருக்கிறார். அதிகாரிகளும் இயக்குநர்களும் பங்கே இல்லாவிட்டாலும் பட்டியலில் வருவார்கள். அவர் வந்துவிட்டால் கணவன், தம்பி இரண்டு உறவும் எழுதியாக வேண்டும். நம் வீடுகளில் மாமன் மச்சான் சேர்ந்து தொழில் செய்வது சாதாரணம், அங்கேயும் அப்படித்தான். உறவு இருப்பது குற்றமில்லை, சொல்லாமல் விடுவதுதான் சிக்கல்.

இந்தக் கெடுபிடி எங்கிருந்து வந்தது

நியூ ஜெர்சியின் வுட்ரிட்ஜில் சின்ன அலுவலகம் வைத்திருந்த ஸ்கைலைன் ஹெல்த்கேர் என்ற நிறுவனம் சில ஆண்டுகளுக்குள் பதினொரு மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட இல்லங்களைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. 2018-இல் அது குலைந்தது. சம்பளத்துக்கும் சப்ளையர்களுக்கும் பணம் இல்லை. கான்சஸ், நெப்ராஸ்கா உள்ளிட்ட மாநிலங்கள் நீதிமன்றம் போய் இல்லங்களைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் முன்னால் வந்த விண்ணப்பத்தை மட்டும் பார்த்தால், அதே கைகள் பத்து மாநிலங்களில் எத்தனை கட்டடங்களைப் பிடித்திருக்கின்றன என்பது யார் கண்ணிலும் முழுசாகப் படாது.

அந்தக் காலத்தில் பராமரிப்பு இல்லம் மெடிகேர் பதிவில் குறைந்த அபாயப் பிரிவில் இருந்தது. நேரடித் தள ஆய்வோ உரிமையாளர் விரல்ரேகையோ கட்டாயமில்லை. 2023 ஜனவரி 1 முதல் புதுப் பதிவுக்கும் கைமாற்றத்துக்கும் உயர் அபாயப் பிரிவு, மறுசரிபார்ப்புக்கு நடுத்தரப் பிரிவு. மெடிகேர் வைத்த பிரிவுக்குக் கீழே மாநிலம் இறங்கக் கூடாது. 2023 நவம்பரில் இன்னொரு விதி வந்தது. பங்கே இல்லாவிட்டாலும் செயல்பாட்டில், பணத்தில், நிர்வாகத்தில் பிடி வைத்திருப்பவர், கட்டடத்தைக் குத்தகைக்கு விடுபவர், நிர்வாக, கணக்குச் சேவை தருபவர் எல்லாரையும் 855ஏ-வின் தனி இணைப்பில் சொல்ல வேண்டும் என்றது. மாதிரி இல்லத்தின் கட்டடக் கம்பெனி அந்த வழியாகத்தான் படிவத்துக்குள் வந்தது. இல்லத்தின் நிர்வாகியும் மருத்துவ இயக்குநரும் நிர்வாகப் பணியாளர் என்ற வரையறைக்குள் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டார்கள். இந்த விதிகளைத் தொந்தரவு என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. சம்பளம் வராமலும் படுக்கையருகே நின்ற உதவியாளர்களை நினைத்துப் பார்த்தால் அலுப்பு வராது.

ஒரு கால்புள்ளி

வரி எண் ஒதுக்கியதைச் சொல்லும் வரித்துறையின் 575 கடிதத்தில் கம்பெனிப் பெயருக்கும் எல்.எல்.சி.க்கும் நடுவே கால்புள்ளி இல்லை. மாநிலச் செயலரின் பதிவில் கால்புள்ளி உண்டு. என்.பி.ஐ. எனும் தேசிய வழங்குநர் அடையாள எண்ணின் பதிவேட்டில் 'அண்ட்' என்ற சொல் முழுசாக இருந்தது, வரித்துறைக் கடிதத்தில் அது குறியீடு. காப்பீட்டுச் சான்றிலோ நடத்தும் எல்.எல்.சி.யின் பெயரே இல்லை. நிர்வாகச் சேவை தரும் கம்பெனியின் பெயரில் எடுத்திருந்தார்கள். வங்கிக் கடிதத்தில் இல்லத்தின் வணிகப் பெயர் மட்டும்.

இதில் சில எந்திரப் பொருத்தத்தில் தள்ளுபடி ஆகும், சில மனிதக் கண்ணில் தப்பிவிடும், எது எங்கே என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. செய்ய வேண்டியது ஒன்றுதான். வரித்துறைக் கடிதத்தில் உள்ள எழுத்தை மூலமாக வைத்து, மற்ற எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து அதற்கு மாற்ற வேண்டும். 575 கடிதம் தொலைந்துவிட்டால் வரித்துறையிடம் 147சி கடிதம் கேட்டு வாங்கலாம். ஒரு தாளில் ஆறு வரி போட்டு (வரித்துறை, மாநிலச் செயலர், என்.பி.ஐ., உரிமம், வங்கி, காப்பீடு) ஒவ்வொன்றிலும் பெயர், முகவரி, அறை எண் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதினால் அரை மணி நேர வேலை. மாதிரியில் இதைச் செய்தது 43-ஆம் நாள்.

என்.பி.ஐ. பற்றி ஒன்று. இல்லத்துக்கு வேண்டியது இரண்டாம் வகை, அமைப்புக்கான எண். புது வரி எண்ணோடு வந்த புது எல்.எல்.சி. புது என்.பி.ஐ. எடுத்தது. வகைக் குறியீட்டில் 314000000எக்ஸ் மட்டும் போட்டார்கள். அது மெடிகேர் பக்கத் தேர்ச்சி நர்சிங் இல்லத்துக்கானது. மெடிக்கெய்ட் தங்கலுக்கு ஒரு ப்ளான் எதிர்பார்த்தது 313எம்00000எக்ஸ். ஒரே எண்ணின் கீழ் இரண்டு குறியீட்டையும் போடலாம், ஒன்றை முதன்மை என்று குறித்தால் போதும். இதைத் திருத்தப் பத்து நிமிடம். தெரியாமல் போனதால் ஒரு மாத க்ளெய்ம்கள் தள்ளுபடி.

விரல்ரேகையும் விலகிப்போன நிர்வாகியும்

எட்டாம் நாள் விரல்ரேகை அறிவிப்பு வந்தது. 5 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள உரிமையாளர்கள், கேட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவை மறுக்க வேண்டும் அல்லது ரத்து செய்ய வேண்டும் என்று 455.416 சொல்கிறது. அறிவிப்பு போன மின்னஞ்சல் முகவரி, வேலையை விட்டுப்போன ஒரு ஒருங்கிணைப்பாளருடையது. யாரோ அதைத் திறந்து பார்த்தபோது 27-ஆம் நாள். கெடு 38-ஆம் நாள். முதல் பங்குதாரர் அப்போது நாட்டிலேயே இல்லை. அவர் திரும்பி வந்து 36-ஆம் நாள் ரேகை கொடுத்தார். மூன்று நாள் தாமதித்திருந்தால் கோப்பு முழுசாக விழுந்திருக்கும். தொடர்பு முகவரியாகத் தனிநபர் அஞ்சலைப் போடாமல், குறைந்தது மூன்று பேர் பார்க்கும் பொது அஞ்சல் பெட்டியைப் போட வேண்டும்.

மெடிகேரிலோ வேறொரு மாநிலத்திலோ ஏற்கெனவே ரேகை, தள ஆய்வு முடிந்திருந்தால் அதையே மாநிலம் ஏற்றுக்கொள்ளலாம். விண்ணப்பக் கட்டணமும் அப்படியே. 2010-இல் 500 டாலராகத் தொடங்கி விலைவாசிக் குறியீட்டோடு ஏறிவரும் அந்தக் கட்டணம் 2025-இல் 730 டாலர். மெடிகேருக்குக் கட்டியிருந்தால் ரசீதைக் காட்டினால் போதும். ஏற்றுக்கொள்வார்கள் என்று எண்ணி உட்கார்ந்திருக்காமல், ஏற்றுக்கொண்டோம் என்ற பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் நிர்வாகி ராஜினாமா. கைமாற்றத்துக்குப் பிந்தைய வாரங்களில் இது அடிக்கடி நடக்கும். புது நிர்வாகி உரிமம் பெற்றவர், அதில் குறை இல்லை. ஆனால் மெடிகேர், உரிமம், மெடிக்கெய்ட், மூன்று ப்ளான் என்று ஆறு இடத்தில் பழைய நிர்வாகியின் பெயர்தான் இருந்தது. விலக்கப்பட்டோர் பட்டியலையும் மத்திய அரசின் தடைப் பட்டியலையும் மாநிலம் மாதம் ஒருமுறையாவது பார்க்கிறது, நிர்வாகப் பணியாளர் பெயரும் அதில் ஓடும். தெரிவிக்காத பெயரை அவர்கள் பார்க்க முடியாது. அதுதான் குறைபாடு.

ப்ளான் பக்கம்

மாநிலத்தின் ஒப்புதல் 58-ஆம் நாள் வந்தது, பழைய தேதியிட்டு, கைமாற்ற நாளிலிருந்தே செல்லும்படி. 6 பேரின் பணம் அடுத்த சுற்றில் வந்துவிட்டது. 46 பேரின் பணம் வரவில்லை.

ப்ளான் பார்க்கும் கோப்பு சிறியது: உரிமம், சான்றுக் கடிதம், கடைசி ஆய்வு அறிக்கையும் திருத்தத் திட்டமும், பொறுப்புக் காப்பீட்டுச் சான்று, வரி எண்ணைத் தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவம், உரிமையாளர் அறிக்கை, அங்கீகாரம் இருந்தால் அதன் சான்று. வெளி அங்கீகாரம் இல்லாத இல்லங்களுக்கு மாநில ஆய்வு அறிக்கையை ஏற்றுக்கொள்வது வழக்கம். அறிக்கையை மட்டும் வைத்துத் திருத்தத் திட்டம் ஏற்கப்பட்ட கடிதத்தை விட்டுவிட்டால் கோப்பு குழுக் கூட்டத்துக்கே போகாது. முதல் ப்ளானில் தடைபட்டது அதுதான். கூட்டம் மாதத்துக்கு ஒருமுறை. தேதியைத் தவறவிட்டால் முப்பது நாள் போச்சு.

இரண்டாவது ப்ளான் ஒப்புதல் தந்து, உள் கணினியில் பழைய என்.பி.ஐ.யையே வைத்திருந்தது. ஒப்புதல் கடிதம் வந்ததும் வேலை முடிந்தது என்று கோப்பை மூடுகிறவர்கள் ஏமாறும் இடம் இது. ஒப்புதல் வேறு, க்ளெய்ம் கணினியில் ஏற்றுவது வேறு. ஒரே ஒரு இல்லவாசியின் ஒரு வாரத்துக்கான சோதனை க்ளெய்ம் போட்டு, பணம் வந்தபின்தான் அந்த ப்ளானின் மற்றவர்களுடையதை அனுப்ப வேண்டும்.

மூன்றாவது ப்ளானில் நடந்தது கைமாற்றத்துக்கே உரிய சிக்கல். டெக்சஸ் புதியவருக்கு முதலில் தருவது 90 நாள் தற்காலிக உரிமம். கோப்பில் இருந்தது அதன் நகல். குழு அதை எடுத்தபோது 90 நாள் தாண்டிவிட்டது. முழு உரிமம் ஏற்கெனவே வந்து இல்லத்தின் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்தது. ப்ளானுக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

மாநிலச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கும்போதே 120 நாள்வரை தற்காலிக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று ப்ளான்களுக்கு 438.602 இடம் கொடுக்கிறது. கட்டாயமில்லை, கேட்டால் கிடைக்கலாம். கைமாற்றத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். 47-ஆம் நாள் கேட்டபோது ஒரு ப்ளான் மட்டும் சம்மதித்தது.

மீட்டெடுத்த விதம்

43-ஆம் நாள் கோப்பு வேறு கைக்கு மாறியது. முதல் வேலை பெயர்த் தாள், அடுத்தது பங்கு வரைபடம். வரைபடத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் விகிதம், பெருக்கிய விகிதம், ஈட்டுக் கடன், உறவு, ரேகை வேண்டுமா என்று ஐந்து குறிப்பு. அதை வக்கீலும் முதல் பங்குதாரரும் கையெழுத்திட்டபின் மெடிகேர், மெடிக்கெய்ட், மூன்று ப்ளான் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போனது. நிலுவையில் இருந்த க்ளெய்ம்களை அனுப்பாமல் நிறுத்தினார்கள். தெரிந்தே தள்ளுபடி ஆகும் க்ளெய்மை மறுபடி மறுபடி அனுப்பினால் பின்னால் எதைத் திருத்துவது என்றே தெரியாமல் போகும். மெடிக்கெய்ட் க்ளெய்முக்குச் சேவை நாளிலிருந்து 12 மாத அவகாசம் உண்டு, அவசரப்படத் தேவையில்லை. பணப்புழக்கத்துக்குத்தான் அவசரம். அதற்கு வங்கியில் இடைக்கால வரம்பு வாங்கிச் சம்பளத்தைத் தவறாமல் போட்டார்கள்.

ப்ளான்கள் 74, 92, 118-ஆம் நாட்களில் திறந்தன. 131-ஆம் நாள் கடைசி க்ளெய்முக்கும் பணம் வந்தது. கைமாற்றத்துக்கு முன்பே இந்த இரண்டு தாள்களையும் போட்டு, ப்ளான்களுக்கு 90 நாள் முன்பு கடிதம் எழுதியிருந்தால் இதில் முக்கால்வாசிக் காத்திருப்பு நடந்திருக்காது.

இந்தியாவிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அதிகாரம் பெற்ற அலுவலரின் கணக்கில் நுழைந்து அவர் பெயரில் கையெழுத்துப் போடாதீர்கள். மெடிகேர் தளத்தில் பதிலாள் அனுமதி என்று முறையான வழி இருக்கிறது. படிவத்தில் உங்கள் பெயர் தெரியும், கையெழுத்து அவருடையதாக இருக்கும். அடுத்து, உரிமையாளர்களின் சமூகப் பாதுகாப்பு எண் உங்கள் மேஜைக்கு வர வேண்டுமா என்று யோசியுங்கள். சில மாநில ஒப்பந்தங்கள் தகவல் நாட்டைவிட்டு வெளியே போவதையே தடுக்கின்றன. மெடிக்கெய்ட் பணத்தை அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வங்கிக்கோ நிறுவனத்துக்கோ மாநிலம் நேரடியாகச் செலுத்தக் கூடாது என்பது 2010 சட்டத்திலேயே உள்ளது. எண்களை அங்கே இருப்பவர் நிரப்பட்டும்.

புத்தம்புது இல்லம் என்றால் கதை வேறு. மாற்றிக்கொள்ள ஒப்பந்தமே இல்லை. உரிமம் வாங்கி, ஆட்களைச் சேர்த்து, உண்மையில் பராமரிப்பு நடக்கும்போதுதான் ஆய்வுக் குழு பார்க்கும். அதுவரை மெடிக்கெய்ட் கிடையாது. அதனால் சொந்தப் பணத்தில் சிலரைத் தங்கவைத்துப் பராமரிக்க வேண்டும். உடல்நல ஆய்வு, தீப்பாதுகாப்பு ஆய்வு இரண்டும் முடிந்து, விதிகளோடு கணிசமாகப் பொருந்தும் நாள்தான் தொடக்க நாள். முந்தைய நாட்களுக்குப் பணம் வராது. இத்தனை மாதச் செலவைத் தாங்கும் முதல் கையில் இருக்கிறதா என்று விண்ணப்பத்துக்கு முன்பே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

மாதிரி இல்லத்தின் நாட்காட்டியில் இப்போது நான்கு தேதிகள் சிவப்பில் இருக்கின்றன: வருடந்தோறும் காப்பீட்டுச் சான்று, மூன்றாண்டுக்கு ஒருமுறை உரிமமும் ப்ளான்களின் மறு க்ரெடென்ஷியலிங்கும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மெடிக்கெய்ட் மறுசரிபார்ப்பு, கடன் பத்திரம் முடியும் நாள். கடைசியாகச் சொன்ன அந்த நாளில் மூன்றாமவரின் பெயர் பட்டியலிலிருந்து இறங்கும். அதையும் உரிமை மாற்றத் தகவலாக, மெடிகேருக்கு 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.